லீவு நாளில் எரிந்த நீதிமன்றம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஐ-35 நெடுஞ்சாலையில் வேக்கோ நகரிலிருந்து வடக்கே போனால், டாலஸுக்கு ஒரு கிளை, ஃபோர்ட் வொர்த்துக்கு ஒரு கிளை என்று சாலை இரண்டாகப் பிரியும். அங்கே இருக்கும் சின்ன ஊர் ஹில்ஸ்பரோ. எட்டாயிரம் சொச்சம் பேர்தான். ஆனாலும் ஹில் கவுன்டிக்குத் தலைமையிடம், நம் ஊர்க் கணக்கில் தாலுகா தலைநகர் மாதிரி. 1853-ல் உருவான ஊர், 1881-ல் ரயில் வந்தது, பருத்தியில் பணம் புரண்டது. அந்தப் பணத்தில் 1890-ல் எழுந்ததுதான் ஊர்ச் சதுக்கத்தின் நடுவே நிற்கும் சுண்ணாம்புக்கல் நீதிமன்றம், உச்சியில் மணிக்கூண்டோடு. வடிவமைத்தவர் வேக்கோவைச் சேர்ந்த டாட்சன். பெயர்தான் நீதிமன்றம், ஆனால் வரி, பத்திரம், கல்யாணச் சான்றிதழ் எல்லாமே இந்த மாதிரிக் கட்டடங்களில்தான் நடக்கும்.

1993 ஜனவரி 1, புத்தாண்டு விடுமுறை. அன்றுதான் அது எரிந்தது. மணிக்கூண்டு உள்ளே சரிந்தது, கற்சுவர்கள் மட்டும் மிஞ்சின. காரணம் மின்கசிவு என்றார்கள்.

பழைய கட்டடங்களில் ஒயரிங் சோதிப்பது என் வேலை. அதனால் ஹில்ஸ்பரோ பக்கம் போகும்போதெல்லாம் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். 1890-ல் கட்டியவர்கள் ஏசியையும் கம்ப்யூட்டரையும் நினைத்திருக்க முடியாது இல்லையா? பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் பழைய ஒயரைக் கழற்றாமல் அதன் தலையிலேயே ஒரு ஜாயின்ட் போட்டு லோடை ஏற்றுவார்கள். ஃப்யூஸ் இருக்கிறதே, எம்சிபி (லோடு மீறினால் தானே கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்பார்கள். லோடு மீறினால் துண்டிக்கும், சரி. ஆனால் தளர்ந்துபோன ஜாயின்ட், அளவான கரன்ட்டிலேயே கொதிக்கும், எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. மேலே காய்ந்த மரச்சட்டம், அதற்கும் மேலே காலியான மணிக்கூண்டு. தீ பிடித்துவிட்டால் அந்தக் கூண்டுதான் புகைபோக்கி.

சென்னை சேப்பாக்கத்துப் பழைய அரண்மனைக் கட்டடமான கலச மஹால் 2012 ஜனவரியில் எரிந்ததும் பொங்கல் விடுமுறையில்தான். ஆள் இல்லாத நாளில் புகையை முதலில் பார்க்க யாரும் இருப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஹில்ஸ்பரோவுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். பக்கத்து அபட் ஊரில் பிறந்த பாடகர் வில்லி நெல்சன் நிதிக்காகக் கச்சேரி நடத்தினார், பல பக்கமிருந்தும் பணம் வந்தது, 1999-ல் மணிக்கூண்டோடு மறுபடி திறந்தார்கள். அதே ஆண்டு டெக்சஸ் அரசு, பழைய கவுன்டி நீதிமன்றங்களைப் பராமரிக்கத் தனித் திட்டமே கொண்டுவந்தது. எரிந்த பிறகு வரும் அக்கறை! அதையும் குறை சொல்ல மாட்டேன், பல இடங்களில் எரிந்த பிறகும் வருவதில்லை.

உங்கள் ஊரில் இப்படி ஒரு பழைய அலுவலகமோ பள்ளியோ இருந்து, பொறுப்பும் உங்களிடம் இருந்தால், முதலில் சாவியை வாங்கிக்கொண்டு கூரைக்கு மேலே ஏறிப் பாருங்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து வையுங்கள், பயன்படாத லைனை மெயினிலேயே துண்டியுங்கள், முழு லோடில் இருக்கும்போது வெப்பக் கேமரா வைத்து ஜாயின்ட்களைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை உணர்வி ஹாலில் மட்டும் போதாது. கூரை இடுக்கிலும் வேண்டும், அதன் சத்தம் தீயணைப்பு நிலையத்துக்கே போகிற மாதிரி.

இன்னொரு சின்ன ஊரின் பழைய அலுவலகத்தில் போன வருடம் ஏறினேன். துணி சுற்றிய பழைய ஒயர், விரலால் தொட்டதும் உறை அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதில் புது பிளாஸ்டிக் ஒயரை முறுக்கி, டேப் சுற்றி விட்டிருந்தார்கள். நேர் கீழே புறாக் கூடு, நிறைய வைக்கோல். "அது செத்த லைன் சார், இருபது வருஷமா கரன்ட் கிடையாது" என்றார் பராமரிப்பாளர். டெஸ்டரைக் கிட்டே கொண்டுபோனேன். பீப் பீப் என்று கத்தியது.