கேபினட்: பெட்டியா, கூடா?

காரைக்குடியில் ஒரு கணினிக் கடைக்குப் போய், "விளையாட்டுக் கணினிக்குக் கேபினட் வேண்டும், விலை அதிகம் போகக்கூடாது" என்று சொன்னால் கடைக்காரருக்கு உடனே புரிந்துவிடும். அதே பொருளுக்கு வீட்டில் 'சிபியு' என்று பெயர். அது பிழையான வழக்கு. சிபியு என்பது பாடநூல்கள் மையச் செயலகம் என்று சொல்லும் சில்லு மட்டுமே. ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். அந்தச் சில்லையும் உறுப்புகளெல்லாம் பொருந்தும் தாய்ப்பலகையையும் விசிறிகளையும் தாங்கிக்கொண்டு வெளியே நிற்பதுதான் கேபினட்.

இது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். முதலில் சிற்றறை என்று பொருள். ஒருவர் தனித்திருக்கும் உள்ளறை. பிறகு அருமையான பொருள்களை வைத்துப் பூட்டும் இழுப்பறை அலமாரிக்கு அந்தப் பெயர் வந்தது. அரசர் தம் நெருங்கிய ஆலோசகர்களோடு கூடிப் பேசிய அறையின் பெயர் அந்த ஆலோசகர்களுக்கே ஆகி, இன்று அமைச்சரவையையும் குறிக்கிறது. பொருள் எத்தனை முறை மாறினாலும் சாத்திய கதவு ஒன்று இந்தச் சொல்லுக்குள் இருந்துகொண்டே வருகிறது. ஆங்கிலத்தில் இதையே 'கேஸ்' என்றும் சொல்வார்கள். லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. ரோமானியர் ஏட்டுச் சுருள்களைப் போட்டு வைத்தது அதில்தான். நாம் விழுங்கும் காப்ஸ்யூலும் அந்தக் குடும்பமே. நீதிமன்றக் கேஸ் வேறு வேரிலிருந்து வந்தது.

கேபினட் என்று சொல்வதில் எனக்குக் குறை இல்லை. அலமாரியும் சாவியும் சன்னலும் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொற்கள்தாம். அவற்றை அயல் என்று இன்று யார் நினைக்கிறார்கள்? ஆனால் தமிழில் சொல்ல வேண்டும் என்றதும் எல்லோரும் 'கணினிப் பெட்டி' என்று எழுதிவிடுகிறார்களே, அதைத்தான் நான் ஏற்கவில்லை.

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பெட்டி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கனத்த மரப்பெட்டகங்களைக் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். தூசி புகக்கூடாது, காற்று புகக்கூடாது, பிறர் கை புகக்கூடாது. பெட்டிக்கு அதுதான் இலக்கணம். விளையாட்டுக் கணினிக்கோ காற்றுதான் உயிர். ஆட்டம் சூடுபிடிக்கும்போது, திரைக்காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டும் சில்லும் கொதிக்கின்றன. அந்த வெப்பத்தை வெளியே தள்ளக் குளிர்ந்த காற்று உள்ளே வந்தாக வேண்டும். பெட்டிக்குப் பெருமையான அடைப்பு இங்கே நோய்.

என் அக்கா மகன் வாங்கிவந்தது அப்படிப்பட்ட ஒரு பெட்டியைத்தான். முன்புறம் முழுக்கக் கருங்கண்ணாடி. பின்னால் வண்ணவண்ணமாய்ச் சுழலும் மூன்று விசிறிகள். பார்க்க அழகு, விலையும் குறைவு. "தொட்டுப் பாருங்கள் அம்மான், அடுப்பு மாதிரி இருக்கிறது" என்று இரண்டே வாரத்தில் வந்து நின்றான். தினசரி நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக் கண்ணாடி ஓரத்து இடுக்கில் பிடித்தேன். சுண்டுவிரல்கூட நுழையாத இடுக்கு. தாள் அசையவே இல்லை. விசிறிகள் சுற்றின, இழுக்கக் காற்றுதான் இல்லை. பிறகு ஒரு கடையில், ஏறக்குறைய அதே விலையில், முன்புறம் கம்பிவலை போட்ட ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதே தாளை நீட்டினேன். வலையில் போய் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்த பிறகும் விழவில்லை.

அதனால்தான் 'கூடு' என்கிறேன். பறவைக் கூடு, தேன்கூடு, எலும்புக்கூடு: எல்லாமே இடைவெளியோடு கட்டப்பட்டவை. தாங்கும், காக்கும், ஆனால் அடைக்காது. கணினிக்கூடு என்று சொல்லிப் பாருங்கள். காற்று எந்த வழியாகப் போகும் என்ற கேள்வி தானாக வரும்.

கூட்டின் முன்பக்கத்துக்கும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது: முகப்பு. முகம் என்பதிலிருந்து பிறந்தது. நம் ஊர் வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால், முற்றத்தைச் சுற்றிய உட்பகுதியான வளவைத் தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும். தெருக்காற்று அந்தக் கோட்டில் உள்ளே ஓடும். வெப்பம் வளவின் திறந்த முற்றத்து வழியே மேலேறும். நல்ல கணினிக்கூட்டிலும் இதே ஒழுங்குதான்: முகப்பில் நுழைந்து, பின்னாலும் மேலேயும் வெளியேற வேண்டும். விலை குறைந்த கூட்டை வெளியிலிருந்து மதிப்பிடுகிறவர்கள் விளக்கு நிறத்தைப் பார்க்கும் முன் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

மற்றவை விரைவில் தெரிந்துவிடும். பக்கத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அரை மில்லிமீட்டர்த் தகடு உள்வாங்கும். ஓரங்கள் மடிக்கப்படாவிட்டால் விரலைக் கிழிக்கும். முகப்பு வலைக்குப் பின்னே கழற்றிக் கழுவக்கூடிய தூசிவடிகட்டி வேண்டும். செம்மண் பூமியில் இது இல்லாமல் முடியாது. பக்கக் கதவு பதப்படுத்திய கண்ணாடியா, அக்ரிலிக் பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். அக்ரிலிக் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

தாய்ப்பலகைக்கான ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையை இன்டெல் 1995இல் கொண்டுவந்தது. 305 மில்லிமீட்டர் உயரம், 244 அகலம். திருகுத் துளைகளின் இடமும் அதில் வரையறுக்கப்பட்டது. அதைப் பின்பற்றும் பலகையை எந்த நிறுவனத்தின் கூட்டிலிருந்தும் கழற்றி, அந்த அளவை ஏற்கும் வேறொன்றில் மாட்டலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்கா மகனும் கம்பிவலை முகப்புக் கூடு ஒன்றுக்கு மாற அதைத்தான் செய்தோம். வீட்டுப் பட்டாலையில் திருகுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தபோது அவன் ஆயா, அதாவது என் அம்மா, வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"கூடு விட்டுக் கூடு பாய்கிறது, ஆயா" என்றான்.