ஒரு வாக்கு எத்தனை கை மாறும்? கிளேர் தொகுதி சொல்லும் கதை

1923 ஆகஸ்ட் 15. அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கிளேர் மாவட்டத்தின் தலைநகர் எனிஸ். தேர்தல் கூட்டத்தில் பேச மேடையேறிய ஈமன் டி வலேராவை அரசுப் படையினர் அங்கேயே கைது செய்து கொண்டுபோனார்கள். பிரிட்டனோடு செய்த உடன்படிக்கையை ஏற்பதா என்று அயர்லாந்துக்காரர்களுக்குள்ளேயே மூண்ட உள்நாட்டுப் போர் ஓய்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தோற்ற தரப்பின் தலைவர் அவர். பன்னிரண்டு நாள் கழித்து வாக்குப்பதிவு நடந்தது. சிறையில் இருந்தவருக்கு 17,000-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. அரசுத் தரப்பில் நின்ற அமைச்சர் ஓயின் மெக்நீலுக்கு அதில் பாதிகூட வரவில்லை.

இதில் எனக்குப் பெரிய வியப்பு டி வலேரா அல்ல. அவர் அணியிலேயே பிரையன் ஓ'ஹிகின்ஸ் என்று ஒருவர் நின்றார். அவர் பெயரை முதலிடத்தில் குறித்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். நம் ஊர்க் கணக்கில் டெபாசிட் காலி. ஆனால் அன்று கிளேருக்கு இருந்த ஐந்து இடங்களில் ஒன்று அவருக்குக் கிடைத்தது. முறைகேடு எதுவும் இல்லை, கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. டி வலேராவுக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகள் அவரிடமே தேங்காமல் ஓ'ஹிகின்ஸிடம் வழிந்து வந்தன.

இந்த வழிதல் எப்படி நடக்கிறது என்று பார்க்கும் முன், இதே ஊரில் வாக்கு என்பது ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1828-இல் கிளேர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொகுதி. அதன் உறுப்பினர் வெஸி ஃபிட்ஸ்ஜெரால்ட் அமைச்சரானதால், அன்றைய வழக்கப்படி மறுபடியும் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவரை எதிர்த்து நின்றார் டேனியல் ஓ'கானல் என்ற கத்தோலிக்க வழக்கறிஞர். கத்தோலிக்கர் தேர்தலில் நிற்கத் தடையில்லை. ஜெயித்தபின் அவையில் எடுக்க வேண்டிய உறுதிமொழிதான் தடை: அவர்களுடைய மதத்தையே மறுக்கச் சொல்லும் வாசகம் அதில் இருந்தது.

ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள நிலம் வைத்திருந்த எளிய குத்தகை விவசாயிகளுக்கு அப்போது வாக்கு உண்டு, ரகசியம் கிடையாது. எல்லார் முன்னிலையிலும் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிலத்தின் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மாற்றிச் சொன்னால் அடுத்த நாள் குடிசை இருக்காது. அந்தப் பயத்தோடுதான் அவர்கள் எனிஸுக்கு நடந்துவந்து ஓ'கானல் பெயரைச் சொன்னார்கள். அவருக்கு 2,057, ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982. லண்டன் அரசு இறங்கிவந்து, 1829 ஏப்ரலில் கத்தோலிக்கரை அவைக்குள் அனுமதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

அதோடு இன்னொரு சட்டமும் வந்தது. வாக்குரிமைக்கான நில மதிப்பை நாற்பது ஷில்லிங்கிலிருந்து பத்து பவுண்டுக்கு, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தினார்கள். அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் ஏறத்தாழ 2,16,000 பேராக இருந்த வாக்காளர்கள் 37,000 பேராகச் சுருங்கினார்கள். ஓ'கானலை ஜெயிக்கவைத்த ஏழைகள் கையிலிருந்தே வாக்கைப் பிடுங்கிவிட்டார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ரகசிய வாக்குச் சீட்டு வர 1872 ஆனது.

1885-இல் கிளேர் கிழக்கு, மேற்கு என இரண்டானது. கிழக்கு கிளேரின் உறுப்பினர் வில்லி ரெட்மண்ட் முதல் உலகப் போரில் உயிரிழக்க, 1917 ஜூலை இடைத்தேர்தலில் அப்போதுதான் சிறையிலிருந்து வந்திருந்த டி வலேரா 5,010-க்கு 2,035 என்று ஜெயித்தார். (தோற்ற பேட்ரிக் லிஞ்ச், 1936-இல் அதே டி வலேராவின் ஆட்சியில் அரசுத் தலைமை வழக்கறிஞரானார்.) அப்புறம் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிளேர் மறுபடி ஒரே தொகுதியாகி, பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறைக்கு வந்தது. பெரும்பான்மையினரே எல்லா இடங்களையும் அள்ளிக்கொண்டு போகாமல், சிறுபான்மையினருக்கும் குரல் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

பெயர்தான் மிரட்டும், வாக்காளர் செய்ய வேண்டியது எளிது. சீட்டில் எல்லா வேட்பாளர்களும் வரிசையாக இருப்பார்கள். மிகவும் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2, பிறகு 3 என்று விரும்பும்வரை எண் போடலாம். நம்மிடம் மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் செய்வதும் இதுவே.

நான்கு இடம், செல்லத்தக்க வாக்கு 50,000 என்று வைத்துக்கொள்வோம். இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டினால் ஐந்து; மொத்த வாக்குகளை அந்த ஐந்தால் வகுத்து, விடையோடு ஒன்று சேர்த்தால் 10,001. இதுதான் கோட்டா. ஏன் இந்த எண்? நான்கு பேர் இதை எட்டலாம். ஐந்து பேர் எட்ட 50,005 வாக்கு வேண்டும், அவ்வளவு கிடையாது. கோட்டாவைத் தொட்டவரை இனி யாராலும் பின்தள்ள முடியாது.

ஒருவர் 12,001 வாங்கிவிட்டார். அவருக்கு 2,000 உபரி. எந்த 2,000 சீட்டை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது? இந்த முறையின் அழகே இங்கேதான். அவருடைய 12,001 சீட்டுகளையும் மேசையில் கொட்டி, இரண்டாம் விருப்பப்படி பிரிக்கிறார்கள். 6,000 சீட்டு மீனாவுக்கு, 4,000 ரவிக்கு, மீதி 2,001 சீட்டில் அடுத்த எண்ணே இல்லை என்று கொள்வோம். எண் இல்லாதவை ஜெயித்தவரிடமே தங்கிவிடும். மாற்றக்கூடியவை 10,000, மாற்ற வேண்டியவை 2,000, அதாவது ஐந்தில் ஒன்று. எனவே மீனாவுக்கு 1,200, ரவிக்கு 800. அந்த அளவு சீட்டுகளை ஒவ்வொரு கட்டிலும் மேலிருந்து எண்ணி எடுத்துக் கையாலேயே அங்கே கொண்டுபோய் வைப்பார்கள்.

மேலே இருந்த 1,200-க்குப் பதில் அடியில் இருந்த 1,200-ஐ எடுத்திருந்தால்? மீனாவுக்கு வரும் எண்ணிக்கை மாறாது. ஆனால் அந்தச் சீட்டுகளின் மூன்றாம் விருப்பம் கொஞ்சம் வேறாக இருக்கலாம். அதனால்தான் முதலிலேயே சீட்டுகளை நன்றாகக் கலக்கிவிடுகிறார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோறு சீராக வெந்திருந்தால்தானே பொருந்தும்! நம் மாநிலங்களவைத் தேர்தலில் ஒவ்வொரு சீட்டுக்கும் 100 என்று மதிப்பு கொடுத்துப் பின்னக் கணக்கில் மாற்றுவதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. லட்சக்கணக்கான சீட்டுகளைக் கையால் எண்ணும் அயர்லாந்து மக்களவைத் தேர்தலில் முழுச் சீட்டாகவே நகர்த்துகிறார்கள்.

உபரி எதுவும் இல்லாதபோது கடைசி இடத்தில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகள் அனைத்தையும் அடுத்த விருப்பத்துக்கு அனுப்புவார்கள். இப்படிச் சுற்றுச் சுற்றாகப் போய்க்கொண்டே இருக்கும், சில தொகுதிகளில் நாள்கணக்கில்.

பெட்டிகளைத் திறந்து சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்புக்கு இந்தப் பக்கம் கட்சித் தொண்டர்கள் பென்சிலும் தாளுமாக நெருக்கியடித்து நிற்பார்கள். ஒவ்வொரு சீட்டு விரியும்போதும் 1 எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்துக் கோடு போடுவார்கள். இவர்களை 'டாலிமேன்' என்பார்கள். அதிகாரப்பூர்வ முதல் சுற்று வருவதற்குப் பல மணி நேரம் முன்பே, எந்த ஊரில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு இவர்கள் கையில் இருக்கும். வேறுவேறு கட்சிக்காரர்கள் அன்று காலை கணக்கைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

இந்த முறைக்கு ஒரு பக்க விளைவும் இருக்கிறது. ஒரு கட்சி இரண்டு மூன்று பேரை நிறுத்தினால், அவர்களுக்குள்ளேயே முதலிடத்துக்குப் போட்டி. தெருவிளக்கு, ஓய்வூதியம், சாலைக் குழி என்று தொகுதி வேலைக்கு ஓடுவதில் உட்கட்சிக்காரரை முந்தினால்தான் பிழைக்க முடியும்.

டி வலேரா 1959 வரை கிளேரின் உறுப்பினராகவே இருந்தார். அந்த ஆண்டு ஜூன் 17 அன்று அயர்லாந்து மக்களிடம் இரண்டு கேள்விகள் போயின. ஒன்று, டி வலேரா குடியரசுத் தலைவராகலாமா? மற்றொன்று, அவருடைய அரசு முன்வைத்தபடி இந்த வாக்கு முறையைக் கைவிட்டு, அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறைக்கு மாறலாமா? முதல் கேள்விக்குச் சரி என்றார்கள். இரண்டாவதற்கு 48-க்கு 52 என்ற விகிதத்தில் வேண்டாம் என்றார்கள். அவர் கட்சி 1968-இல் மறுபடி கேட்டபோது ஏறத்தாழ 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

2024 நவம்பர் 29 அன்று வாக்களித்த கிளேருக்கு இப்போது நான்கு இடங்கள். டி வலேரா தொடங்கிய ஃபியனா ஃபாயில் கட்சிக்கு இரண்டு, ஃபினே கேல் கட்சிக்கு ஒன்று, ஷின் ஃபேன் கட்சிக்கு ஒன்று. சீட்டுகளைக் கலக்கி, பிரித்து, கட்டுக் கட்டாக ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு இப்போதும் கையால்தான் கொண்டுபோகிறார்கள்.