டொமைனிலிருந்து கழற்றமுன் மணிக்கூட்டைப் பாருங்கள்

டொமைன் என்பது பல விண்டோஸ் கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரு சேர்வரிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க அலுவலகங்களிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் 'டொமைனுடனான நம்பிக்கைத் தொடர்பு முறிந்துவிட்டது' என்று திரையில் வந்தால், உடனே டொமைனிலிருந்து கழற்றித் திரும்பச் சேர்க்கிறார்கள். தயவுசெய்து அதைக் கடைசி வழியாக வைத்திருங்கள். உள்ளூர் நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்ட் தெரியாமல் கழற்றினால் அந்தக் கணினிக்குள் ஒருவரும் நுழைய முடியாது. சேர்வரில் கணினியின் கணக்கை அழித்தால், அதற்குள் சேமித்திருந்த, வட்டைப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியும் சேர்ந்து போய்விடும்.

முதலில் மணிக்கூடு. சேர்வரின் நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்கு மேல் விலகினால், டொமைனில் நுழைபவரைச் சரிபார்க்கும் கேர்பரோஸ் முறை உள்ளே விடாது. பிளக்கைக் கழற்றி மாதக்கணக்கில் வைத்த பழைய கணினிகளில் மணிக்கூட்டை ஓட்டும் சிஆர்2032 பற்றரி செத்து, திகதி வருடக்கணக்கில் பின்னுக்குப் போயிருக்கும். இதைவிட ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. நேர வலயம் அமெரிக்காவின் பசிபிக் நேரத்தில் நிற்க, யாரோ மணியை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். திரையில் காலை 9 மணி சரியாகத்தான் தெரியும். ஆனால் கேர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. அதில் 12, 13 மணித்தியாலம் பிசகியிருக்கும். ஆகவே வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர +5:30 என்று வைத்தபின் நேரத்தைத் திருத்துங்கள். எல்லாக் கணினியும் ஒரே காலையில் மறுத்தால் சேர்வரின் மணிக்கூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொண்டு முகவரியைத் தேடித்தரும் சேவை. கணினியின் டிஎன்எஸ் அமைப்பில் டொமைன் கன்ட்ரோலரின், அதாவது டொமைனை நடத்தும் சேர்வரின், முகவரி மட்டுமே இருக்கவேண்டும். ரவுட்டர் மாற்ற வருபவர் கூகிளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8 போட்டுவிட்டுப் போனால் இணையம் ஓடும், டொமைன் கிடைக்காது.

இரண்டும் சரியென்றால் கணினி தன்னை டொமைனுக்கு அடையாளம் காட்டும் இரகசிய பாஸ்வேர்ட்தான் பிசகியிருக்கிறது. வழமையாக 30 நாளுக்கு ஒருமுறை கணினியே அதை மாற்றி டொமைனுக்கு அறிவிக்கும். நீண்ட விடுமுறையில் நிறுத்தி வைத்ததால் தொடர்பு அறுந்தது என்று பலர் நம்புகிறார்கள், அது தவறு. கணினி எழும்பாதவரை பாஸ்வேர்டும் மாறாது. வட்டின் பழைய முழுப்பிரதியை (இமேஜை) மீட்டதும், ஒரே பெயரை இரண்டு கணினிக்கு வைத்ததுமே பெரும்பாலும் காரணம்.

திருத்த, உள்ளூர் நிர்வாகியாக நுழையுங்கள். அது முடியாவிட்டால் நெற்வேர்க் கேபிளைக் கழற்றி, அந்தக் கணினியில் முன்பு நுழைந்த, அங்கு நிர்வாகி உரிமையுள்ள டொமைன் கணக்கால் நுழைந்து, பிறகு கேபிளைப் பூட்டுங்கள். விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சனல் (Test-ComputerSecureChannel) கட்டளையை -ரிப்பெயார் (-Repair), -கிரெடென்ஷியல் (-Credential) சேர்த்து ஓட்டுங்கள். தனியாக நிறுவும் பவர்ஷெல் 7இல் இக்கட்டளை இல்லை. 'ட்ரூ' என்று வந்தால் வெளியேறி டொமைன் கணக்கால் நுழைந்து பாருங்கள்.

ஒவ்வொரு முறை எழும்பும்போதும் பழைய நிலைக்குத் திரும்பும் மென்பொருள் போட்ட கணினி அறையில் இது திரும்பத் திரும்ப வரும். புதிதாக மாற்றிய பாஸ்வேர்டையும் அந்த மென்பொருள் அழித்துவிடுகிறது. அந்த அறைக் கணினிகளுக்கு மட்டும் டொமைன் கணினிகளுக்கு விதிகளை வைக்கும் குரூப் பொலிசியில் கணினிக் கணக்கின் பாஸ்வேர்ட் மாற்றத்தை நிறுத்திவிடுங்கள். மற்றக் கணினிகளில் அதைத் தொடாதீர்கள், அங்கே அது பாதுகாப்புக்குத் தேவை.