வேற்றுமை உருபில்லாத மொழியில் செயப்படுபொருளை அறிவது எப்படி?

மலாவி நாட்டில் பெருவாரியாகப் பேசப்படும் சிச்செவா என்னும், ஆப்பிரிக்காவின் பாண்டு குடும்பத்தைச் சேர்ந்த மொழியில், ‘சிங்கங்கள் வேட்டைக்காரர்களைப் பிடித்தன’ என்று சொல்வதற்கு ‘ஐ’ போன்ற உருபு எதுவும் கிடையாது. எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் பெயர்ச்சொல்லின் வடிவம் மாறுவதில்லை. பிடித்தது யார், பிடிபட்டது யார் என்பதை வினைச்சொல்லின் முன்னொட்டுகளும் சொல்வரிசையுமே காட்டுகின்றன.

இதற்கு அடிப்படை, நம் திணை, பால் பாகுபாட்டைவிட மிக விரிவான பெயர் வகுப்புகள். இவை 15-க்கும் மேற்பட்டவை. ‘மிகாங்கோ’ (சிங்கங்கள்) 4ஆம் வகுப்பைச் சேர்ந்தது. ‘அலேஞ்சே’ (வேட்டைக்காரர்கள்) 2ஆம் வகுப்பு. ‘மிகாங்கோ இ-ன-க்வீரா அலேஞ்சே’ என்ற வாக்கியத்தில் ‘இ’ 4ஆம் வகுப்பு எழுவாயையும், ‘ன’ இறந்தகாலத்தையும், ‘க்வீரா’ பிடித்தலையும் குறிக்கின்றன. வினையை ‘அ-ன-க்வீரா’ என்று தொடங்கி, ‘அலேஞ்சே அ-ன-க்வீரா மிகாங்கோ’ என்றால் பிடித்தவர்கள் வேட்டைக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

எழுவாய்க்குரிய முன்னொட்டு இல்லாமல் வாக்கியம் அமையாது. செயப்படுபொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதற்குரிய முன்னொட்டு வராத இடத்தில் செயப்படுபொருள் வினைக்கு அடுத்தே நிற்க வேண்டும், எழுவாய் மட்டும் முதலிலோ கடைசியிலோ வரலாம். 2ஆம் வகுப்புச் செயப்படுபொருளுக்குரிய முன்னொட்டான ‘வ’வைச் சேர்த்து ‘இ-ன-வ-க்வீரா’ என்றதும் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, மூன்று சொற்களையும் 6 வரிசைகளில் எப்படி வேண்டுமானாலும் அடுக்க முடிகிறது. மொழியியலாளர்கள் ஜோன் பிரெஸ்னனும் சாம் ம்சோம்போவும் 1987இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர்: ‘வ’ பெயருக்கு ஏற்ப வினையில் வரும் வெறும் இயைபுக் குறி அன்று, வினைக்குள் புகுந்துவிட்ட ‘அவர்களை’ என்னும் சுட்டுப்பெயரே அது; வெளியே நிற்கும் ‘அலேஞ்சே’ பேச்சு யாரைப் பற்றியது என்பதை நினைவூட்டும் சொல் மட்டுமே. கட்டாயமின்மை, வரிசைச் சுதந்திரம் ஆகிய இரண்டுக்கும் ஒரே காரணம் சொல்வதால் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது. (இரு பெயர்களும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையானால் முன்னொட்டு கைகொடுக்காது, வரிசையையும் சூழலையும் நம்ப வேண்டியதுதான்.)

நான்காம் வேற்றுமைப் பொருளையும் வினையே ஏற்கிறது. ‘பிகா’ என்றால் சமைத்தல். ‘பிகீரா’ என்றால் ஒருவருக்காகச் சமைத்தல். தாய் குழந்தைகளுக்கு மக்காச்சோள மாவுக் களியான ன்சிமா சமைத்தாள் என்று இவ்வினையைக் கொண்டு சொல்லும்போது, வினையை அடுத்து வருபவர்கள் குழந்தைகள். செயப்படுபொருள் முன்னொட்டும் அவர்களுக்கே உரியது. அதே வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றினாலும் எழுவாயாகக் கூடியவர்கள் குழந்தைகளே, ன்சிமா அன்று.