பிரிண்ட் மங்கலா? லென்ஸை மாற்றுமுன் நெகட்டிவைப் பாருங்கள்

இருட்டறையில் பிரிண்ட் போடப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "ஃபோகஸ் சரியாத்தான் வச்சேன், பிரிண்ட் மட்டும் மங்கலா வருது." அடுத்த கேள்வி, என்லார்ஜருக்கு (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) எந்த லென்ஸ் வாங்கலாம் என்பது. நானும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று வாங்கினேன். காசு போனது, மங்கல் போகவில்லை.

முதலில் பிரிண்டின் மேல் ஒரு லூப்பை (சிறு உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். கிரெயின், அதாவது ஃபிலிமின் நுண்துகள்கள், கூர்மையாக இருந்து படம் மட்டும் மங்கலாக இருந்தால், தப்பு கேமராவில் நடந்தது. என்லார்ஜரைத் திருகிப் பயனில்லை. கிரெயினே கலங்கியிருந்தால்தான் இருட்டறையைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் கலங்குகிறதா? நெகட்டிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் இணையாக இல்லாமல் இருக்கலாம்.

அடிப்பலகையில் வைத்து கிரெயினைப் பெரிதாகப் பார்த்து ஃபோகஸ் வைக்க உதவும் கிரெயின் ஃபோகஸர் வைத்திருப்பவர்கள்கூட அதன் கண்வில்லையைத் தங்கள் கண்ணுக்குச் சரிசெய்வதில்லை. உள்ளே தெரியும் மெல்லிய கோடு பளிச்சென்று தெரியும்வரை திருகிவிட்டுத்தான் கிரெயினைப் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவர் தன் கண்ணுக்குத் திருகிவிட்டுப் போனதைக் கவனிக்காமல், ஒரு மாலை முழுக்கப் பேப்பரை வீணடித்திருக்கிறேன்.

ஃபோகஸருக்கு அடியில் ஒரு பேப்பரை வைக்க வேண்டுமா என்று ஓயாமல் வாதம் நடக்கும். வைத்தாலும் சரி, விட்டாலும் சரி. பேப்பரின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான், கீழே அது பெரிதாகத் தெரியாது. சிக்கல் மேலே இருக்கிறது. 35 மி.மீ. நெகட்டிவை 8 மடங்கு பெரிதாக்கும்போது, நெகட்டிவ் வெறும் 0.1 மி.மீ. நகர்ந்தால், பிம்பம் கூர்மையாக விழும் இடம் கீழே சுமார் 6.4 மி.மீ. நகர்ந்துவிடும். பெருக்கத்தின் வர்க்கக் கணக்கு அது.

அந்த 0.1 மி.மீ. எப்படி வருகிறது? விளக்கின் சூட்டில்தான். கண்ணாடியில்லாத கேரியரில் (நெகட்டிவைப் பிடித்திருக்கும் சட்டம்) நெகட்டிவ் சூடேறியதும் நடுவில் புடைக்கும். குளிர்ந்த நெகட்டிவில் ஃபோகஸ் வைத்து, அது புடைத்தபின் எக்ஸ்போஸ் செய்தால் என்ன ஆகும்? ஃபோகஸரில் பார்த்துக்கொண்டே இருந்தால் கிரெயின் மெல்லக் கலைவது கண்ணுக்கே தெரியும். அதனால் நான் விளக்கைப் போட்டு, கிரெயின் நகர்வது நின்ற பிறகுதான் ஃபோகஸ் வைக்கிறேன். அப்புறம் விளக்கை அணைக்காமல், லென்ஸுக்குக் கீழே கருப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு பேப்பரை வைக்கிறேன்; அட்டையை எடுத்ததும் எக்ஸ்போஷர் தொடங்கும். நெகட்டிவை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கும் கண்ணாடிக் கேரியர் இருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் தூசி துடைக்க இரண்டு பரப்புக்குப் பதில் ஆறு!

லென்ஸின் அபெர்ச்சரை (ஒளி புகும் துளை) முழுக்கத் திறந்து ஃபோகஸ் வைத்து, துளையை இரண்டு மூன்று ஸ்டாப் (படி) குறைத்து மறுபடி பாருங்கள். சில லென்ஸ்களில் குறைக்கும்போது ஃபோகஸ் நகரும். அதற்காக எஃப்/16 போன்ற மிகச் சிறிய துளை வரை போகவும் வேண்டாம், ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவுவதால் (விளிம்பு விளைவு) கிரெயின் மழுங்கிவிடும்.

கடைசியாக, அதிர்வு. என் என்லார்ஜர் தூணின் உச்சியைச் சுவரோடு சேர்த்து இறுக்கியிருக்கிறேன். அப்படியும் தெருவில் பஸ் போனால், அட்டையை எடுக்காமல் அது கடக்கும்வரை நிற்பேன்.