சொல் விளக்கம்: குருத்தணு

உடலில் வேறுவகை அணுக்களாக மாறக்கூடிய ‘ஸ்டெம் செல்’ என்பதைத் தண்டணு, மூல உயிரணு, குருத்தணு என்று தமிழில் பலவிதமாக எழுதுகிறோம். எனக்குக் குருத்தணுவே சரியாகப் படுகிறது.

1868இல் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் ‘ஸ்டாம்செல்லெ’ என்று எழுதினார். பல அணு உயிர்களுக்கெல்லாம் மூதாதையான ஓரணு உயிரை அப்படி அழைத்தார். ‘ஸ்டாம்’ என்றால் அடிமரம். வம்சம் என்றும் பொருள். ‘தண்டு’ என்று சொன்னால் வம்சம் விடுபட்டு வெறும் காம்புதான் மிஞ்சுகிறது. போதாததற்குத் தண்டுவடமும் நினைவுக்கு வந்துவிடும். குருத்தணுக்களுக்காக எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையைத் தானம் செய்வது என்றதும் முதுகுத்தண்டில் ஊசி போடுவார்கள் என்று இங்கே சிங்கப்பூரிலும் பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் மஜ்ஜையை இடுப்பெலும்பிலிருந்துதான் எடுக்கிறார்கள். குருத்து அப்படியல்ல, தென்னை உச்சியில் அடுத்த ஓலையாக விரியக் காத்திருப்பது. குருத்தெலும்போடு குழம்பலாம்தான், ஆனால் இந்த அணுக்களில் ஒருவகை குருத்தெலும்பையும் உண்டாக்கும்.

‘மஜ்ஜை’ வடசொல். சித்த மருத்துவம் ஏழு உடற்கட்டுகளில் இதை ‘மூளை’ என்கிறது. கறிக்கடையில் நல்லி. சூப் துலாங் என்ற எலும்பு சூப்பைச் சாப்பிடும்போது ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுகிறோமே, அதுதான்.

மஜ்ஜையில் ரத்த அணுக்களைத் தரும் குருத்தணுக்கள் வேறு, எலும்பு தருபவை வேறு. இரண்டாம் வகையை 1960களில் சோவியத் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஃப்ரீடன்ஷ்டைன் அடையாளம் காட்டினார். ‘எலும்புசார் குருத்தணு’ என்பது அதற்குப் பொருந்தும். ஒரே அணு எலும்பாக்க அணுவாகவும் மாறலாம், கொழுப்பணுவாகவும் மாறலாம். ‘ரன்எக்ஸ்2’ என்ற புரதம் எலும்பின் பக்கமும், ‘பிபிஏஆர் காமா’ கொழுப்பின் பக்கமும் இழுக்கின்றன. வயதாக ஆகக் கொழுப்பின் கை ஓங்குகிறது. அணுக்கள் பிரியும் வேகமும் குறைகிறது. சில பிரிவதையே நிறுத்திவிட்டு, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்து பக்கத்து அணுக்களையும் கெடுக்கின்றன. குழந்தையிடம் சிவப்பாக இருந்த மஜ்ஜை முதுமையில் பெரும்பாலும் மஞ்சளாகிவிடுவதும் கொழுப்பு சேர்வதால்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இன்னொரு அடி: கொழுப்பின் பக்கச் சாய்வு கூடுகிறது, எலும்பை அரிக்கும் அணுக்களும் வேகம் எடுக்கின்றன.

அதனால்தான் ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ நோயை ‘எலும்புத் தேய்மானம்’ என்னும் பேச்சுவழக்கில் எனக்கு உடன்பாடில்லை. மூட்டுத் தேய்மானத்தையும் அதே பெயரில் சொல்கிறோம். அதோடு, பழைய எலும்பு கரைவது மட்டுமே நோய் என்றும் தோன்றிவிடுகிறது. கரைந்த இடத்தை நிரப்ப வேண்டிய குருத்தணு தளர்ந்துபோவதற்கும் அதில் முக்கியப் பங்கு உண்டு. உள்ளே ஓட்டை விழுந்த நிலையைக் காட்ட ‘எலும்புப்புரை’ என்ற சொல் இருக்கிறது. தாத்தா பாட்டியோடு பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அதையே சொல்லிப் பழகலாம்.