ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய் மட்டும்தான்

பவர் ஸ்டீயரிங் வைத்த சின்ன டிராக்டர்கள் பலவற்றில், ஓட்டுபவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டீயரிங்குக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே இரும்பால் ஆன தொடுப்பு எதுவும் கிடையாது. இருப்பது இரண்டு ரப்பர் ஓஸும் அவற்றுக்குள் நிற்கும் எண்ணெயும்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றிய டிரெய்லரை இழுத்துப் போகும்போது வண்டியை ரோட்டில் நேராக வைத்திருப்பது அந்த எண்ணெய். ஓஸ் வெடித்தால் ஸ்டீயரிங் வெறுமனே சுற்றும், சக்கரம் கேட்காது. எல்லா மாடலும் இப்படி இல்லை. சிலவற்றில் பழையபடி கியர் பெட்டியே சக்கரத்தைத் திருப்பும், எண்ணெய் அழுத்தம் அதற்குத் துணை நிற்கும். அந்த வகையில் எண்ணெய் போனாலும் பலத்தைக் கூட்டித் திருப்பிவிடலாம். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முழுக்க எண்ணெயால் இயங்கும் வகையில் மூன்று உறுப்புகள் முக்கியம். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. ஸ்டீயரிங் கம்பத்தின் அடியில், மெக்கானிக்குகள் ஆர்பிட்ரால் என்று சொல்லும் கட்டை இருக்கிறது. முன் அச்சில் கிடைமட்டமாக ஒரு சிலிண்டர், அதற்குள் போய்வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பிதான் ராடு. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் ஆர்பிட்ராலுக்குள் உள்ள வால்வு ஒரு பக்க வழியைத் திறக்கிறது. எண்ணெய் அங்கிருக்கும் பல்சக்கர ஜோடி வழியாகப் போகும். ஏழு வளைவுகள் உள்ள வளையத்துக்குள் ஆறு பற்கள் உள்ள சக்கரம் உருள, ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு எண்ணெய் என்று அது அளந்து சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு அனுப்புகிறது. மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்புகிறது. கை நின்றதும் உள்ளே உள்ள வில்தகடுகள் வால்வை நடுவுக்குக் கொண்டுவந்து வழியை அடைத்துவிடும். எஞ்சின் நடுவழியில் அணைந்தால் அதே பல்சக்கரம் கைப்பம்பாக மாறுகிறது. கையால் சுற்றிச் சுற்றி வண்டியை ஓரங்கட்ட முடிவது அதனால்தான். ஆனால் அதற்கும் எண்ணெய் வேண்டும், ஓஸ் முழுதாக இருக்க வேண்டும்.

பலம் எங்கிருந்து வருகிறது? பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிதான்: அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டர், அதில் 20 மில்லிமீட்டர் ராடு, எண்ணெய் அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொள்வோம். ராடு அடைக்கும் இடம் போக எண்ணெய் தள்ளும் பரப்பு சுமார் 9.4 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 100 கிலோ விசை. மொத்தம் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2 பார். அதைப்போல் ஐம்பது மடங்கு அந்தச் சின்ன ஓஸுக்குள் அடைந்து கிடக்கிறது.

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகா மண் இந்த உறுப்புகளுக்குக் கடுமையானது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது பெரும்பாலும் இங்கேதான். நனைந்தால் அச்சோடு அப்பிக்கொள்ளும், காய்ந்தால் கல்லாக இறுகும். இறுகிய கட்டிமேல் நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பினால் சிலிண்டரில் அழுத்தம் உச்சிக்குப் போகும். வண்டி கொஞ்சம் உருளும்போது திருப்புங்கள், பாரம் குறையும். போதாக்குறைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோடையில் புழுதியை வாரி இறைக்கிறது. அந்தப் புழுதி போய் ஒட்டும் இடம், எண்ணெய் ஈரம் இருக்கும் சிலிண்டர் ராடு.

அந்த ராடைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். பளபளப்பாகத் தெரிவது குரோமியப் பூச்சு. பொதுவாக அதன் தடிமன் தலைமுடியை விடக் குறைவு. ராடு உள்ளே போகும் வாயில் இரண்டு சீல் இருக்கும்: வெளியே இருப்பது சேற்றை வழிப்பது, உள்ளே இருப்பது எண்ணெயைப் பிடிப்பது. ராடில் சிறு கீறல் விழுந்தால், ஒவ்வொரு முறை போய்வரும்போதும் அது சீலின் உதட்டை அறுக்கும். துணியால் துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் கீறல் இருக்கிறது. அந்த நிலையில் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு, புதுச் சீலும் அதே இடத்தில் அறுபடும்.

கீறலை விட மெதுவாகக் கெடுப்பது உப்பு. தென்னைக்கு நாம் தாராளமாக வைக்கும் பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. சிலர் வட்டப்பாத்தியில் கல்லுப்பும் போடுவதுண்டு. குரோமியப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. குளோரைடு கலந்த ஈரம் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள எஃகைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு பூச்சு புள்ளி புள்ளியாகப் பெயரும். உரம் ஏற்றிய நாளிலும் சேற்றுழவு முடிந்த நாளிலும் ராடைச் சாதா தண்ணீரில் கழுவித் துடைப்பது ஐந்து நிமிட வேலை. வாட்டர் சர்வீஸில் கழுவினால் பீய்ச்சும் தண்ணீரைச் சீலுக்கு நேராகக் காட்ட வேண்டாம், சேறு வெளியே வராமல் உள்ளே போகும். வண்டி நாள்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். ராடுமேல் கிரீஸ் அப்புவது தவறு, புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது ஓஸ். உள்ளே ரப்பர் குழாய், நடுவில் எஃகுக் கம்பிப் பின்னல், வெளியே இன்னொரு ரப்பர். அழுத்தத்தைத் தாங்குவது நடுப்பின்னல். வெளி ரப்பர் வெடித்தால் ஈரம் இறங்கிக் கம்பி துருவேறும். கம்பி கண்ணில் பட்டாலோ, ஓஸ் ஓரிடத்தில் உப்பினாலோ மாற்றிவிட வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி இறுகச் சுற்றிக் கட்டுவதைப் பல தோப்புகளில் பார்க்கலாம். அது கசிவை மறைக்கும், அழுத்தத்தைத் தாங்காது. தரையில் கிடக்கும் மட்டையின் அடிப்பகுதி நிமிர்ந்து குத்துவதும், கயிறு அச்சில் சுற்றி ஓஸை இழுப்பதும் தோப்பில் சாதாரணம். அதனால் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி வைத்து, ஓஸ் எங்காவது உரசுகிறதா, முறுக்குகிறதா, விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். உரசும் இடத்தில் சுருள் பிளாஸ்டிக் உறை போடலாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கசிவைத் தேடி ஓஸ்மேல் விரலை ஓட்டாதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முதலில் முள் குத்தியது போல் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் குறைவாக இருக்கலாம். உள்ளே சதை அழுகத் தொடங்கும், தாமதமானால் விரலையே எடுக்க நேரிடும். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. அன்றைக்கே, அந்த மணிக்கே, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தத்தில் எண்ணெய் ஏறியது என்று சொல்ல வேண்டும். கசிவைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டை ஓஸுக்கு அருகில் நகர்த்தினால் போதும், எண்ணெய்க்கறை காட்டிக்கொடுக்கும். ஓஸைக் கழற்றும் முன் எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் சில தடவை ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிடுங்கள்.

எண்ணெயின் நிறமே பாதி சேதி சொல்லும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்தால் காற்று, கறுத்துக் கருகல் வாடை வந்தால் சூடு. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பி அப்படியே அழுத்திப் பிடிப்பதுதான் வீண் சூட்டுக்குப் பெரிய காரணம். அப்போது கேட்கும் கீச்சொலி, மிகை அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு திறந்த ஓசை. கடைசியைத் தொட்டவுடன் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் பின்னால் விட்டுவிடுங்கள்.

சிலிண்டருக்கு முன்னால் தடுப்புத் தகடு வெல்டிங் வைப்பது நல்லது. பெட்டி போல் மூடிவிட்டால் கரிசல் உள்ளே அடைந்து ராடைத் தேய்க்கும். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். வெல்டிங் பொறி ராடில் தெறிக்காமல் ஈரச்சாக்கால் மூடுங்கள், பேட்டரி வயரையும் கழற்றிவிடுங்கள்.

ஓஸ் மாற்றினால் உள்ளே காற்று புகுந்திருக்கும். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் நிதானமாகத் திருப்புங்கள். நுரை அடங்கும்வரை இப்படிச் செய்து, குறைந்த எண்ணெயைக் கம்பெனி சொன்ன ரகத்திலேயே நிரப்பி, சக்கரத்தோடு இணையும் டை ராடு என்ற கம்பியின் உருண்டை மூட்டில் (பால் ஜாயிண்ட்) ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு டிரெய்லரை மாட்டலாம்.